கோடாலிக்குப் புதுக் காம்பு

"கோடாலிக் காம்பு குலத்துக்கு ஈனம்" என்று நமது பெரியோர்கள் ஒரு பழமொழி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மரத்தை வெட்டும் கோடாலிக்கு மரமே காம்பாக வந்து வாய்க்கிறபடியால், சொந்த இனத்தைக் காட்டிக் கொடுப்பவனுக்கு அது பட்டப் பெயராகிவிட்டது. மேடைப் பிரசங்கங்களில் இந்தப் பட்டத்தை நாமும் எத்தனையோ பேருக்கு வாரி வழங்கியிருக்கிறோம்; சமயம் வாய்த்தபோது பிறர் நமக்கு வழங்கியதையும் பெற்றுக் கொண்டிருக்கிறோம். ஆனால் கோடாலிக் காம்பு என்னும் வஸ்துவை ஒரு தடவையாவது கையில் எடுத்து உற்றுப் பார்த்ததுண்டா என்று கேட்டால், சென்ற தை மாதம் வரையில் இல்லை என்றுதான் வாசகர்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தை மாதத்தில் திருப்பூர் நண்பர் ஒருவரின் வீட்டில் கல்யாணம். சமையலுக்கு வந்தவர் தம் தொழிலில் மிகுந்த கர்வம் உள்ளவர். காஸ் அடுப்பில் வைத்த சாம்பாரைத் தாம் சாம்பார் என்றே ஒப்புக்கொள்வதில்லை என்றும், நன்றாய்க் காய்ந்த விறகு வந்து சேர்ந்தால்தான் அண்டாவை அடுப்பில் ஏற்றுவதாகவும் சொல்லிவிட்டார். கல்யாண வீட்டில் சமையல்காரரின் வாக்குக்கு மேல் வேறு வாக்கு உண்டா? ஆகவே நண்பரும் நாமும் ஊத்துக்குளிச் சாலையில் உள்ள ஒரு விறகு மண்டிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பனியனுக்குப் பெயர்போன ஊரில் விறகுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்தோம். மண்டிக்காரர் சிரித்துவிட்டார். நூலைப் பின்னித் துணியாக்குவதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. அந்தத் துணியை வெளுக்க வேண்டும், சாயம் தோய்க்க வேண்டும், அலச வேண்டும், உலர்த்த வேண்டும். இத்தனைக்கும் கொதிக்கும் தண்ணீரும் நீராவியும் வேண்டும். சாயப்பட்டறைகளின் பாய்லர்களில் வெகு காலமாக எரிந்து வருவது பெரும்பாலும் விறகுதான். 2011-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், நொய்யல் ஆறு பாழானதை முன்னிட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பட்டறை நின்றால் பாய்லர் நிற்கும். பாய்லர் நின்றால் விறகு மண்டியும் நிற்கும். கழிவு நீரை ஒரு சொட்டுக்கூட ஆற்றில் விடாமல் சுத்தி செய்து திரும்ப உபயோகிக்க வேண்டுமென்ற நிபந்தனையின் பேரில் பட்டறைகள் மறுபடியும் நடக்கத் தொடங்கின. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மனிதர்கள் அணிகிற பனியன் ஒன்றின் சாயத்துக்குப் பின்னால், ஊத்துக்குளிச் சாலையில் ஒருவர் கோடாலியை ஓங்குகிறார் என்பது நமக்கு அன்றுதான் தெரிந்தது.

ஓங்கியவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். தலையில் பழைய பனியன் துணியைச் சுருட்டி முண்டாசாகக் கட்டியிருந்தார். எதிரே சீமைக் கருவேல மரத்தின் தூர் ஒன்று, யானையின் பாதத்தைப் போல முண்டும் முடிச்சுமாகக் கிடந்தது. கோடாலி மேலே போகும்போது வலது கை காம்பின் கழுத்தருகே இருக்கிறது. இறங்கும்போது அந்தக் கை வழுக்கிக் கொண்டு அடிக்கு வந்து இடது கையோடு சேர்ந்துவிடுகிறது. பலத்தைப் பிரயோகிப்பதாகவே தெரியவில்லை. கோடாலி தானாக விழுகிறது. தூர் தானாகப் பிளக்கிறது. நண்பர் விலை பேசிக் கொண்டிருக்க, நாம் சங்கீதக் கச்சேரியில் உட்கார்ந்தவர்களைப் போல் அந்தத் தாளத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

திடீரென்று தாளம் தப்பிற்று. 'சடக்' என்று ஒரு சத்தம். பெரியவரின் கையில் வெறுங் காம்பு மட்டும் இருந்தது. நாலு வீசைக்குக் குறையாத இரும்புத் தலை காற்றில் பறந்து போய், பட்டை பொறுக்கிக் கொண்டிருந்த ஒரு அம்மாளின் காலடியிலிருந்து இரண்டு அடி தூரத்தில் மண்ணுக்குள் பதிந்தது. நாலு வீசை என்றது நம்முடைய பயம் போட்ட எடை. பிற்பாடு தராசில் வைத்துப் பார்த்தபோது இரண்டு கிலோ சொச்சந்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அதை எடை போட்டுப் பார்க்கும் மனநிலையில் யாரும் இல்லை. "மாரியாத்தா!" என்று அந்த அம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் ஓடிப் போய் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவர் கை நடுங்கிக் கொண்டிருந்தது. அறுபது வயதுக் கை விறகு பிளக்கையில் நடுங்காமல் இப்போது நடுங்கியதை நாம் கவனித்தோம்.

சிறிது நேரத்திற்கெல்லாம் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் சொல்லத் தொடங்கினார்கள். மண்டிக்காரர் புதுக் கோடாலி ஒன்று வாங்கிக் கொள்ளும்படி சொன்னார். லாரியில் விறகு ஏற்றிக் கொண்டிருந்த வாலிபர் ஒருவர், "ஏனுங்க அப்பாரு! காம்பே வேண்டாமுங்க. ஒரு இரும்புக் குழாயை வெச்சுப் பத்த வெச்சுட்டா, ஆயுசுக்கும் ஒடியாது" என்றார்.

"ஒடியாது கண்ணு. என்ற தோள்பட்டைதான் ஒடியும்" என்றார் பெரியவர்.

இது வெறும் பிடிவாதம் அல்ல. மரத்தின் நாரில் ஒருவித வளைவும் மீள்வும் உண்டு. அடி விழும்போது பிறக்கும் அதிர்ச்சியில் பெரும் பகுதியை மரக் காம்பு தானே விழுங்கிவிடுகிறது. இரும்புக் குழாய் அதை விழுங்குவதில்லை. கிடைத்ததை அப்படியே கைக்கு அனுப்பிவிடுகிறது. தினந்தோறும் நூற்றுக்கணக்கான தடவை ஓங்குகிறவனுக்கு இந்த வித்தியாசம் சாமான்யமானதல்ல. மேலும், குழாயைப் பற்ற வைக்கும் சூட்டில் தலையின் எஃகு என்ன கதியாகும் என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருவோம்.

பெரியவர் முறிந்த காம்பை நம்மிடம் நீட்டினார். "பாருங்க. இது போன மாசம் கடையில வாங்குன காம்பு. கோணையா அறுத்திருக்கான்" என்றார். முறிவு குறுக்கே இல்லை. நாணல் பேனாவின் முனையைப் போல் நீளச் சாய்வாக இருந்தது. மரத்தின் ரேகை காம்போடு கூடவே ஓடாமல், பாதி வழியில் பக்கவாட்டில் வெளியே போய்விட்டது. ரம்பத்துக்கு ரேகையைப் பற்றிய கவலை கிடையாது; பலகையை எப்படி வைத்தார்களோ அப்படி அறுத்துக் கொண்டு போகும். மரமோ நாரோடு இழுத்தால் தாங்குவதில் பத்தில் ஒரு பங்குகூட நாருக்குக் குறுக்கே தாங்குவதில்லை. காம்பின் ரேகை ஐந்து அங்குல நீளத்தில் ஓர் அங்குலம் சாய்ந்து போனாலே போதும். திடீர் அடியைத் தாங்கும் சக்தி பாதிக்கும் கீழே போய்விடுகிறது என்று மரங்களைச் சோதித்தவர்கள் கண்டிருக்கிறார்கள். கடையில் பளபளவென்று மெருகு பூசி அடுக்கி வைத்திருக்கும்போது இந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரிகிறதா? மெருகு பூசுவதே அது தெரியாமல் இருக்கத்தானோ என்று நமக்கு ஒரு சந்தேகம் தட்டுகிறது.

"தலையை விட்டுட முடியாதுங்க. எங்கப்பன் கோடாலி" என்றார் பெரியவர். அன்றைய கூலி போனது போனதுதான். ஆசாரி வீட்டுக்குப் போகப் புறப்பட்டார். கல்யாண விறகுக்கு விலை பேசி முடிந்துவிட்டதால், நண்பரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாம் பெரியவரைப் பின்தொடர்ந்தோம்.

வழியில் அவர் துணியில் சுற்றி எடுத்து வந்த தலையை வாங்கிப் பார்த்தோம். இந்நாளில் கிராமத்துக் கொல்லர்கள் லாரியின் பழைய வில் பட்டைகளை வெட்டி ஆயுதங்கள் செய்வது வழக்கம். இது அப்படியல்ல, உடம்பெல்லாம் மெதுவான இரும்பு, வாயில் மட்டும் எஃகை வைத்து அடித்துச் சேர்த்த பழைய வேலைப்பாடு. சேர்த்த இடம் ஒரு மங்கிய கோடாகத் தெரிந்தது. இந்தப் பிரதேசத்துக்கு இரும்பு வேலை புதிதல்ல. இதே நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே, கொடுமணல் என்ற சிற்றூர் இருக்கிறது. 1985 முதல் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே பூமியைத் தோண்டிப் பார்த்தபோது, இரண்டாயிரம் வருஷங்களுக்கு முந்திய இரும்பு உருக்கும் உலைகளும், எஃகு செய்ததற்கான அடையாளங்களும் அகப்பட்டன. நூல் நூற்கும் தக்களிகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. சங்க நூலான பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இந்த ஊர்தான் என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து. ஆக, நூலும் இரும்பும் நொய்யல் கரையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களாக வாழ்ந்து வந்திருக்கின்றன. இரும்பை இன்று திருப்பூரில் யாரும் பேசுவதில்லை.

ஆசாரியின் பட்டறை ஓட்டுச் சாய்ப்பின் கீழ் இருந்தது. ஒரு காலத்தில் வண்டிச் சக்கரமும் ஏரும் செய்த இடம். இப்போது கதவு நிலை, ஜன்னல் சட்டம், எப்போதாவது மண்வெட்டிக் காம்பு. ஆசாரிக்கு வயது ஐம்பது இருக்கும். முறிந்த காம்பைக் கையில் வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு மூலையில் எறிந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. எறிந்த விதத்திலேயே அபிப்பிராயம் முழுவதும் அடங்கியிருந்தது.

முதற் காரியம், தலைக்குள் மாட்டிக் கொண்டிருந்த முறிந்த துண்டை வெளியே எடுப்பது. "அடுப்புல போட்டுட்டா தானா எரிஞ்சு போயிருமே" என்று நாம் மிகுந்த புத்திசாலித்தனத்துடன் ஒரு யோசனை சொன்னோம். ஆசாரி நம்மைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

விஷயம் இதுதான். கொல்லன் வாய்க்குத் தோய்ச்சல் போடும்போது, எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் திடீரென்று குளிர வைக்கிறான். அதனால் அது கண்ணாடியைப் போல் கடினமாகிறது. கண்ணாடியைப் போலவே நொறுங்கவும் தயாராகிறது. பிறகு இளஞ்சூட்டில் காட்டிக் கொஞ்சம் தணிக்கிறான். எஃகின் மேல் வைக்கோல் நிறம் படரும்போது சூடு ஏறக்குறைய 230 டிகிரி சென்டிகிரேடு. நீலம் ஓடினால் 300-ஐ எட்டிவிட்டது என்று அர்த்தம். அந்த அளவை மீறினால் கடினம் போய், வாய் மழுங்கத் தொடங்கும். சாதாரண விறகு நெருப்பு இந்தச் சூட்டையெல்லாம் எளிதில் தாண்டிவிடும். துவாரத்தில் இருக்கும் கட்டையை எரிக்கப் போய்க் கொல்லனின் வேலையையும் சேர்த்து எரித்துவிடுகிறோம். நல்ல கோடாலிகள் பல இந்த வழியில்தான் பாழாகின்றன. வேறு வழியே இல்லாவிட்டால் வாயை ஈர மண்ணுக்குள் ஆழப் புதைத்து, மேல் பாகத்தில் மட்டும் நெருப்பு வைப்பது உண்டு என்றார் ஆசாரி. அவர் அதைச் செய்யவில்லை. துருத்திக் கொண்டிருந்ததை ரம்பத்தால் ஒட்ட அறுத்தார். துறப்பணத்தால் கட்டையில் நாலைந்து துளைகள் போட்டார். பிறகு ஓர் இரும்புத் தண்டை வைத்துக் கீழ்ப் பக்கத்திலிருந்து மேல் பக்கமாக அடித்தார். துவாரம் மேலே சற்று அகன்று இருக்குமாதலால் கட்டை அந்தத் திசையில்தான் வெளியேறும். நாலாவது அடியில் அது ஆப்புடன் சேர்ந்து விழுந்தது.

அடுத்தது மரம். சாய்ப்பின் உத்தரத்தில், அடுப்புப் புகை படும்படியாக, பத்துப் பன்னிரண்டு கட்டைகள் செருகியிருந்தன. ஆசாரி ஒவ்வொன்றாய் எடுத்துத் தரையில் தட்டிக் காதால் கேட்டார். காய்ந்த கட்டை 'டங்' என்கிறது. ஈரக் கட்டை 'தொப்' என்கிறது. ஈர மரத்தில் காம்பு போட்டால் முதல் மாதம் சிங்கமாயிருக்கும். பிறகு மரம் சுருங்கும். நீளத்தில் அது சுருங்குவது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம், குறுக்களவில்தான் சுருங்கும். தலை ஆடுவது குறுக்களவில்தானே? ஆகையால் குறைந்தது ஒரு வருஷம் நிழலில் காய்ந்த கட்டைதான் வேண்டும்.

எடுத்தது கருவேலம். கொங்கு நாட்டில் வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் எண்ணெய்ச் செக்குக்கும் உழைத்த மரம் அது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில், கிளுவை முள் வேலிக்குள், கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே குடை பிடித்தாற் போல் நிற்கும் வெள்வேலம் இதற்குத் தம்பி. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் தடசு என்ற மரம் காம்புக்கு இன்னும் உயர்ந்தது என்பார்கள். வளைந்து கொடுப்பதில் அதற்கு ஈடு குறைவு. அமெரிக்காவில் ஹிக்கரி, இங்கிலாந்தில் ஆஷ் என்று அந்தந்தத் தேசத்துக்கு ஒரு காம்பு மரம் உண்டு. டேராடூனில் 1906-ல் ஏற்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தார் நமது நாட்டு மரங்களின் பலத்தை யந்திரங்களில் வைத்து அளந்து வகைப்படுத்தியிருக்கிறார்கள். நமது ஆசாரிக்கு அந்தப் புஸ்தகங்களுடன் பரிச்சயம் இல்லை. ஆனால் கட்டையின் வெளிப்புறத்து வெள்ளை மரத்தை அவர் தயவு தாட்சண்யமின்றிச் செதுக்கித் தள்ளினார். அது உளுத்துப் போகும், வைரம் பாய்ந்த சிவப்புத்தான் நிற்கும் என்றார்.

இங்கேதான் ரம்பக்காரனுக்கும் ஆசாரிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டோம். கட்டையை அவர் அறுக்கவில்லை, பிளந்தார். தலைப்பில் ஆப்பை வைத்துச் சுத்தியால் அடித்தார். பிளவு எந்த வழியாகப் போக விரும்பியதோ அந்த வழியாகப் போயிற்று. பிளவு போன வழியே நாரின் வழி. முதல் கட்டை முக்கால் தூரம் ஒழுங்காகப் போய்க் கடைசியில் முறுக்கிக் கொண்டது. ஒரு வருஷம் காத்து வைத்த கட்டையாயிற்றே என்று நமக்கு மனம் அடித்துக் கொண்டது. அவர் அதை அடுப்புப் பக்கம் தள்ளிவிட்டு இரண்டாவது கட்டையை எடுத்தார். அது நூல் பிடித்தாற் போல் பிளந்தது.

பிறகு வாச்சி பேசிற்று. சுமார் ஒரு மணி நேரம் வேறு பேச்சே இல்லை. இரண்டு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம். தலை புகும் இடம் நீள்வட்டம். கழுத்துக்குக் கீழே கொஞ்சம் மெலிவு. அடியில் கை நழுவாமல் இருக்க ஒரு சிறு புடைப்பு. பெரியவர் இடையிடையே வாங்கித் தம் கையில் வைத்துப் பார்த்து, "இங்க கொஞ்சம்" என்று கட்டை விரலால் காட்டுவார். ஆசாரி அங்கே கொஞ்சம் சீவுவார். காம்பின் நீளம் ஏன் அவருக்கு அத்தனை முக்கியம் என்று கேட்டோம். நீளம் குறைந்தால் வேகம் குறையும் என்றார். வேகம் இரட்டித்தால் அடியின் சக்தி நாலு மடங்காகும் என்று பௌதிக சாஸ்திரம் சொல்கிறது. எடை இரட்டித்தால் சக்தி இரட்டிப்புத்தான். கிழவர் கனத்த கோடாலியை விரும்பாமல் நீண்ட காம்பை விரும்பியது இந்தக் கணக்குத்தான். கடைசியாக உடைந்த கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்து மேலெல்லாம் சுரண்டினார். சுருள் சுருளாக மெல்லிய தூள் உதிர்ந்து, காம்பு பட்டுப் போலாயிற்று.

பொருத்துவதைப் பார்த்தபோதுதான் இது வெறும் தச்சு வேலை அல்ல, ஒரு பொறுமை விரதம் என்று தோன்றியது. துவாரத்தின் உட்புறத்தில் விளக்குக் கரியைத் தடவினார். காம்பைச் செருகி வெளியே எடுத்தார். எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே மரம் அதிகம் என்று பொருள். அந்த இடத்தை மட்டும் சீவினார். மறுபடி செருகினார், மறுபடி எடுத்தார். ஒன்பது தடவை எண்ணினோம்; பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம். "ஒரேடியாச் சீவிட்டா சுளுவாத்தான் போகும், ஆனா ஆப்பு என்னத்தைப் பிடிக்கும்?" என்றார் ஆசாரி. துவாரத்தின் சுவர் முழுவதும் மரத்தைத் தொட வேண்டும். ஆப்பின் வேலை தலையைப் பிடித்து வைப்பது மட்டுமே. சோம்பேறித்தனத்தால் ஏற்பட்ட இடைவெளியை அடைப்பது அல்ல.

அப்புறம் ஒரு வேடிக்கை. தலையைக் காம்பில் ஏற்றுவதற்குத் தலையின் மேல் அடிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவரோ கோடாலியைத் தலைகீழாகத் தொங்கப் பிடித்து, மேலே இருந்த காம்பின் அடியில் மரச் சுத்தியால் 'டக், டக்' என்று தட்டினார். கீழே தொங்கும் இரும்பு, விழாமல், தட்டத் தட்டக் காம்பின் மேல் ஏறிக்கொண்டு வந்தது! ஜாலவித்தை ஒன்றுமில்லை. கனமான தலை இருந்த இடத்தில் இருக்க விரும்புகிறது. தட்டப்பட்ட காம்பு அதற்குள் இறங்குகிறது. நியூட்டன் துரையின் முதல் விதி என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதை இப்படித் தொங்கவிட்டுக் காட்டியிருந்தால் அந்த வருஷம் நாம் பரீட்சையில் இன்னும் நாலு மார்க்கு வாங்கியிருப்போம்.

காம்பின் தலைப்பில், நீள்வட்டத்தின் நீளவாக்கில், துவாரத்தின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு முன்னமே ஒரு வெட்டு அறுத்திருந்தார். அதில் புளிய வைரத்தில் செய்த மெல்லிய ஆப்பு இறங்கியது. அடியின் சத்தம் மாறிக் கொண்டே வந்து, ஓர் இடத்தில் கல்லைத் தட்டுவது போல் ஆயிற்று. அங்கே நிறுத்தினார். இரும்புக்கு மேலே கால் அங்குலம் மரம் நீட்டிக் கொண்டிருக்கும்படி விட்டு மிச்சத்தை அறுத்தார். ஆப்பினால் விரிந்த அந்தக் கால் அங்குலம் தலை கழன்று போகாமல் குடுமியைப் போல் பிடித்துக் கொள்ளும். குந்தாலிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் காம்பு மேலிருந்து கீழாகச் செருகப்படுவதால், ஓங்க ஓங்கத் தானே இறுகிவிடும்.

"தலை ஆடினால் தண்ணீரில் ஊற வைப்பார்களே?" என்று கேட்டோம். நமது வீட்டில் மண்வெட்டிக்கும் சுத்திக்கும் பரம்பரையாக நடந்து வரும் வைத்தியம் அதுதான். அது கடன் வாங்கிக் கடன் அடைப்பது போல என்றார் ஆசாரி. ஊறிய மரம் உப்புகிறது. இரும்போ இடம் கொடுப்பதில்லை. ஆகவே உள்ளே நார்கள் நசுங்கிப் போகின்றன. காய்ந்த பிறகு முன்னைவிட அதிகம் ஆடும். அடுத்த தடவை இன்னும் அதிக நேரம் ஊற வைக்க வேண்டும். இப்படியே ஒரு நாள் தலை பறக்கும். ஆடும் சுத்திக்கும் கோடாலிக்கும் செய்யத் தக்கது பழைய ஆப்பை எடுத்துவிட்டுப் புது ஆப்பு அடிப்பதுதான். வாசகர்கள் வீட்டில் குழந்தைகள் நடமாடும் இடத்தில் ஆடுகிற சுத்தி எதுவும் இருக்குமானால், இதைப் படித்து முடித்ததும் ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிடும்படி கேட்டுக் கொள்கிறோம். காம்புக்கு வருஷத்துக்கு ஓரிரு தடவை ஆளி விதை எண்ணெய் தடவலாம். அது மரத்துக்குள் போய் இறுகும். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் இறுகுவதில்லை; கைதான் வழுக்கும்.

பெரியவரிடம், "இந்தத் தலைக்கு இது எத்தனையாவது காம்பு?" என்று விசாரித்தோம். அப்பன் காலத்துக் கணக்குத் தெரியாது, தம் கையில் இது பதினோராவது என்றார். கிரேக்க தேசத்தில் தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஞாபகார்த்தமாக வைத்திருந்து, உளுத்துப் போன பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி வந்தார்களாம். கடைசியில் அது அதே கப்பல்தானா, வேறு கப்பலா என்று தத்துவ ஞானிகள் தலையைப் பிய்த்துக் கொண்டதாகப் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். இந்தச் சர்ச்சையைப் பெரியவரிடம் எடுத்துச் சொன்னோம். அவர் அதைப் பொறுமையுடன் கேட்டார். "காம்பு மாறுறது இருக்கட்டுமுங்க. தலையும் அப்படியே இல்லீங்க. எங்கப்பன் கையில இருந்தப்ப இது இன்னும் ரெண்டு விரக்கடை நீளமுங்க. சாணை பிடிச்சுப் பிடிச்சுத் தேஞ்சு போச்சு. எஃகு இன்னும் ஒரு விரக்கடைதான் பாக்கி. எனக்குப் போதும்" என்றார்.

அவருடைய மகன் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஆசாரியின் மகனும் அப்படியே. இரண்டு பேரும் நல்ல சம்பளம் வாங்குகிறார்கள் என்று தகப்பனார்கள் பெருமையுடன்தான் சொன்னார்கள். கோடாலி பிடிக்கவோ வாச்சி பிடிக்கவோ பிள்ளைகள் வரவில்லையே என்ற குறை அவர்கள் பேச்சில் தொனிக்கவில்லை. குறைப்பட்டுக் கொண்டது நாம்தான். விறகு பிளந்து பழக்கமில்லாதவர்களுக்கு அது சுலபம்.

ஆசாரி கேட்ட கூலி, பெரியவரின் ஒரு நாள் கூலியில் கால் பங்கு கூட இராது. பெரியவர் அதற்கு மேல் பத்து ரூபாய் வைத்தார். ஆசாரி அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி வைத்தார், மறுபடி திரும்பி வந்தது. கடைசியில் அது டீக்கடைக்குப் போயிற்று. நமக்கும் ஒரு டீ கிடைத்தது.

"இன்னிக்கு ஓங்க வேண்டாமுங்கண்ணா. ராத்திரி அப்படியே கிடக்கட்டும். காலையில ஆப்பை இன்னொரு தட்டுத் தட்டிட்டு எடுத்துக்கலாம்" என்றார் ஆசாரி. அவ்வாறே கோடாலி அன்று இரவு பட்டறையில் தங்கியது.

மறுநாள் கல்யாண விறகைப் பிளக்கப் பெரியவர் நண்பரின் வீட்டுக் கொல்லைக்கே வந்துவிட்டார். முதல் வேலையாக, வேடிக்கை பார்த்த குழந்தைகளையெல்லாம் பத்து அடிக்கு அப்பால் துரத்தினார். நாம் குழந்தை அல்லவாகையால் நின்றோம். ஒரு நாள் முழுவதும் காம்பு சாஸ்திரம் கற்றவர்களுக்குக் கை ஊறாமல் இருக்குமா? ஒரே ஒரு அடி அடித்துப் பார்ப்பதாகச் சொல்லிக் கோடாலியை வாங்கினோம். பெரியவருக்கு இஷ்டமில்லை, மரியாதைக்காகக் கொடுத்தார். ஓங்கினோம். வாய் விழ வேண்டிய இடத்துக்கு நாலு அங்குலம் அப்பால் போய், விறகின் விளிம்பில் விழுந்தது இரும்பல்ல, காம்பின் கழுத்து. முழங்கை வரையில் மின்சாரம் பாய்ந்தது போல் இருந்தது. கடைக் காம்புகள் முறிவதற்கு ரேகைக் கோணலைத் தவிர இது ஒரு பெரிய காரணம் என்று முதல் நாள் ஆசாரி சொல்லியிருந்தார். நாமும் தலையை ஆட்டியிருந்தோம்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. கோடாலியை மெதுவாக நம் கையிலிருந்து வாங்கிக் கொண்டார். தலைக்குக் கீழே கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நகம் பதிந்தாற் போல் சிறு பள்ளம் ஒன்று விழுந்திருந்தது, நார் கிழியவில்லை. மடியிலிருந்து பழைய சைக்கிள் டியூபில் அறுத்த நாடா ஒன்றை எடுத்து, அந்த இடத்தில் இழுத்து இழுத்து ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். பிறகு நம்மையும் பத்து அடிக்கு அப்பால் போய் நிற்கும்படி கையைக் காட்டிவிட்டு, விறகைப் பிளக்கத் தொடங்கினார்.